முதல் வரியைக் குசலமென்று தாண்டியவள்

எங்கள் வீட்டுக்கு வரும் கடிதத்தை யாரும் மேலிருந்து படித்ததில்லை. தபால்காரர் கார்டை நீட்டினால் அப்பா முதலில் நாலு மூலையையும் பார்ப்பார். மஞ்சள் தடவியிருந்தால் கல்யாணம். ஓரம் கறுத்திருந்தால் சாவு. இரண்டும் இல்லையென்றால் என் கையில் கொடுத்து, "கடேசில என்ன போட்ருக்கு, பாரு ஆத்தா" என்பார். மேலே என்ன இருக்கும் என்று போடிநாயக்கனூருக்கே தெரியும். இவ்விடம் யாவரும் சுகம், அவ்விடம் சுகம் அறிய ஆவல், மழை எப்படி, பெரியவருக்கு இருமல் தேவலையா, மாடு கன்று போட்டதா என்று முக்கால் கார்டுக்குக் குசலம் ஓடும். எழுதியவருக்கு என்ன வேண்டும் என்பது கடைசி இரண்டு வரியில், இடம் போதாமல், பொடி எழுத்தில் இருக்கும். சில சமயம் ஓரத்தில் தலைகீழாக ஏறிப் போயிருக்கும்.

பேச்சும் அப்படித்தான். அப்பா ஓர் ஏலக்காய் மண்டியில் காய் சலித்துத் தரம் பிரிக்கும் வேலையில் இருந்தார். மண்டிக்கு வருகிறவர் உட்காருவார், டீ குடிப்பார், மகள் கல்யாணத்தைப் பற்றியும் வைகையில் தண்ணீர் போவதைப் பற்றியும் அரை மணி பேசுவார். எழுந்து வாசலில் செருப்பை மாட்டும்போதுதான், "அப்புறம்ணே, அந்தக் காய் விசயம்" என்று ஆரம்பிப்பார். உட்கார்ந்ததும் விஷயத்தைச் சொல்கிறவனை எங்கள் ஊரில் அவசரக்குடுக்கை என்பார்கள். சொல்லப்போனால் நானே ஓர் அவசரக்குடுக்கைதான். ஆனால் கடிதம் படிப்பதில் மட்டும் ஊரோடு ஒத்துப்போனேன். அது என் வாழ்க்கையையே வாரிக்கொண்டு போகப் பார்த்தது.

ஐம்பதுகளின் பின்பாதி. யுத்த காலத்தில் பிடுங்கிக்கொண்டு போன தண்டவாளத்தைத் திரும்பப் போட்டு, போடிக்கும் மதுரைக்கும் ரயில் மறுபடி ஓடிக்கொண்டிருந்தது. நான் எஸ்.எஸ்.எல்.சி. தேறியிருந்தேன். கணக்கில் கெட்டிக்காரி. ஆங்கிலத்தில் மட்டும் தட்டுத்தடுமாறிக் கரையேறியவள். ஒவ்வொரு சொல்லாக அகராதியில் தேடி, வரியின் வால் வரைக்கும் வருவதற்குள் தலை மறந்துபோகும். ஒரு பக்கம் படித்து முடித்தால் என்னிடம் ஐம்பது சொற்களுக்கு அர்த்தம் இருக்கும். பக்கத்துக்கு அர்த்தம் இருக்காது.

நானும் சிலமலையிலிருந்து வந்து என்னோடு ஒரே பெஞ்சில் படித்த சிநேகிதியும் சேர்ந்து, மதுரையில் ஓர் ஆஸ்பத்திரியில் நர்சுப் படிப்புக்கு மனுப் போட்டிருந்தோம். வெள்ளை உடுப்பும் தலையில் குல்லாவும் போட்டுக்கொண்டு நடக்க வேண்டும் என்று எனக்கு அப்படி ஓர் ஆசை. சோற்றை விட அதைத்தான் நினைத்தேன். அப்பா ஒரே நிபந்தனை போட்டார். "ஒரு தடவை போட்டுப் பாரு. வந்தா போ. வரலைன்னா அக்கா கூட மலையில போயி இரு. அப்பறம் படிப்புப் பேச்சே எடுக்கக் கூடாது." போட்டோ எடுக்கத் தாமதமாகி, கடைசித் தேதியன்றுதான் இருவரும் மனுவைத் தபாலில் சேர்த்தோம். அந்தத் தாமதம் முள்ளாக உறுத்திக்கொண்டே இருந்தது.

பதில் வந்தது. தட்டச்சு செய்த ஆங்கிலக் கடிதம், நான்கு பத்திகள். வீட்டில் எல்லோரும் சூழ்ந்து நின்றார்கள்.

"கடேசில என்ன போட்ருக்கு?" என்றார் அப்பா.

நேரே கடைசிப் பத்திக்குப் போனேன். தாமதமாக வருகிறவர்கள் எந்தக் காரணத்தைக் கொண்டும் அனுமதிக்கப்பட மாட்டார்கள், இது பற்றி எழுதும் கடிதங்களுக்குப் பதில் தர இயலாமைக்கு வருந்துகிறோம் என்று இருந்தது. 'லேட்', 'நாட்', 'ரிக்ரெட்' மூன்றும் எனக்கு நன்றாகத் தெரிந்த சொற்கள். எங்கள் மனுத் தாமதமாகப் போய்ச் சேர்ந்துவிட்டது, சேர்த்துக்கொள்ள மாட்டார்கள், வருந்துகிறார்கள். முடிந்தது கதை. மேலே உள்ள மூன்று பத்தியையும் படித்தேன் என்று சொன்னால் பொய். கண்ணை ஓட்டினேன். முதல் பத்தி, இன்ன தேதியிட்ட உங்கள் மனுவைப் பொறுத்து என்று நீட்டி முழக்கித் தொடங்கியது. சரிதான், வெள்ளைக்காரன் ஊர்க் குசலம் இப்படி இருக்கும்போல என்று தாண்டிவிட்டேன்.

அன்று மத்தியானமே சிநேகிதி பஸ்ஸேறி ஓடி வந்தாள். அவள் கையிலும் ஒரு கடிதம். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். எதைப் பார்த்தோம்? கடைசிப் பத்தியைத்தான். எழுத்துக்கு எழுத்து ஒன்றாகவே இருந்தது. "எனக்கும் அதேதாண்டி" என்று அவள் அழ, நான் அழ, இருவரும் மூக்கைச் சிந்திக்கொண்டோம். வெளியில் இங்கிலீஷ் தெரிந்தவர்கள் யாரிடமாவது காட்டலாம் என்று அம்மா சொன்னாள். "தோத்த கடுதாசிய ஊரெல்லாம் காட்டணுமாக்கும்" என்று அப்பா கடுப்பாகச் சொல்லிவிட்டார். எனக்கும் அதுவே சரியென்று பட்டது. வீம்புக்குக் குறைச்சலில்லாத குடும்பம்.

அடுத்த வாரம் நான் மலையில் இருந்தேன். அக்காவின் வீட்டுக்காரர் குரங்கணிக்கு மேலே மூன்று மைலில் ஒரு சிறிய ஏலத்தோட்டத்தில் மேஸ்திரி. காய் எடுக்கும் பருவம். பெண்கள் குனிந்து சரம் சரமாகப் பார்த்துக் காய் கிள்ளுவார்கள். ஐப்பசி மழை விட்டு விட்டு ஊற்றும். காலில் அட்டை ஏறும். நான் அக்காவுக்கு ஒத்தாசையாகச் சமைத்து, கூடை தூக்கி, கண்டதற்கெல்லாம் எரிந்து விழுந்துகொண்டிருந்தேன். "இவ மூஞ்சியப் பாத்தா பால் திரிஞ்சுரும்" என்று அக்கா சொல்வாள். கடிதத்தைக் கிழித்துப் போட மனம் வராமல் பெட்டியின் அடியில் வைத்திருந்தேன்.

ஒரு சனிக்கிழமை, குரங்கணி வரை ஜீப்பிலும் அப்புறம் ஆள் தலையிலுமாக ஒரு தகர டப்பா வந்தது. ஏலக்காயில் சொறி விழச் செய்யும் பேன் பூச்சிக்கு மருந்துப் பொடி. கூடவே இரண்டு பக்கத்துக்கு ஆங்கிலத்தில் அச்சடித்த காகிதம். முதலாளி ஊரில் இல்லை. மச்சான் காகிதத்தை என்னிடம் நீட்டினார்.

"படிச்ச புள்ளதானே, எப்பிடிப் போடுறது, எத்தனை தடவை போடுறதுன்னு பாத்துச் சொல்லு. திங்கக்கிழமை ஆளை விடணும்."

வழக்கம்போலக் கடைசிப் பத்திக்குப் போனேன். மருந்தைப் பயன்படுத்தியவர்கள் தங்கள் அனுபவத்தை எழுதினால் மகிழ்ச்சி அடைவோம் என்று இருந்தது. இதில் என்ன இருக்கிறது? அதற்கு முந்தைய பத்தியின் வாலைப் பார்த்தேன். மூக்கைத் துணியால் கட்டிக்கொள்வதும் உண்டு. அதற்கும் முந்தையது. பலத்த மழை பெய்த சில தோட்டங்களில் மூன்று முறை கூடத் தூவினார்கள்.

"மூணு தடவை போடணுமாம் மச்சான்" என்றேன்.

"மூணு தடவையா? டப்பா அதுக்குக் காணாதே" என்று தலையைச் சொறிந்தபடி போனார்.

அவர் போன பிறகுதான் எனக்கு உறைத்தது. கடிதத்தைத் தப்பாகப் படித்தால் நான் அழுவேன், தீர்ந்தது. மருந்தைத் தப்பாகப் படித்தால் தோட்டம் கருகும், மச்சானுக்கு வேலை போகும். காகிதத்தை எடுத்துக்கொண்டு அடுப்படியில் உட்கார்ந்தேன். அந்த மூன்று தடவைப் பத்தியை இந்த முறை மேலிருந்து, வரி வரியாக, பல்லைக் கடித்துக்கொண்டு படித்தேன்.

முதல் வரி: மருந்தை ஒரு பருவத்தில் ஒரு முறை தூவினால் போதும். இரண்டாவது வரி ஏன் என்று சொன்னது. மூன்றாவது வரி பூச்சியின் முட்டையைப் பற்றி ஏதோ விளக்கியது. அதற்கப்புறம்தான் பலத்த மழை பெய்த சில தோட்டங்கள் வந்தன. அது ஒரு உதாரணம். வேறெங்கோ, வேறு யாரோ செய்தது. விஷயம் வாலில் இல்லவே இல்லை. தலையிலேயே உட்கார்ந்திருந்தது!

அடுத்த பத்தியைப் பார்த்தேன். முதல் வரி: பூ விரிந்திருக்கும்போது தூவக் கூடாது. கீழே உள்ளதெல்லாம் தேனீ ஏன் வேண்டும் என்ற விளக்கம். அடுத்தது. முதல் வரி: காலையில் பனி காய்ந்த பிறகு தூவவும். கீழே காரணம். ஓர் அட்டைத்துண்டை எடுத்து, ஒவ்வொரு பத்தியிலும் முதல் வரியை மட்டும் விட்டுக் கீழே மறைத்தேன். எட்டுப் பத்தி, எட்டு வரி. மடமடவென்று வாசித்தேன். இரண்டு பக்கக் காகிதம் முழுவதும் எட்டு வரியில் என் கைக்குள் வந்துவிட்டது. அகராதி இல்லாமல்! என் வாழ்நாளில் முதல் முறையாக ஓர் ஆங்கிலப் பக்கத்துக்கு எனக்கு அர்த்தம் தெரிந்தது.

நான் போட்ட கூச்சலில் அக்கா அகப்பையைக் கீழே போட்டுவிட்டாள்.

"என்னடி, பாம்பா?"

"பாம்பு இல்ல. தலையில இருக்குக்கா! அவங்க மொதல்லயே சொல்லிர்றாங்க. சொல்லிட்டுத்தான் அப்பறம் பேசுறாங்க!"

"கிறுக்கு முத்திருச்சு" என்றாள் அக்கா. நான் மச்சானைத் தேடி மழையில் ஓடினேன். ஒரு தடவைதான், பூவில் படக் கூடாது, பனி காய்ந்த பிறகு என்று மூச்சிரைக்கச் சொன்னேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "காலையில மூணுன்ன, இப்ப ஒண்ணுங்கிற. சாயந்தரம் வேண்டாம்பியா?" என்று கேட்டார். பிறகு, டப்பா ஒரு தடவைக்குத்தான் காணும் என்பதை யோசித்து, "இதான் சரியா இருக்கும்" என்று தலையாட்டினார்.

அன்று பொழுது சாயும்வரை வீட்டில் கிடந்த ஆங்கிலக் காகிதத்தையெல்லாம் நான் விடவில்லை. கருவாடு சுற்றி வந்த செய்தித்தாள், பீங்கான் தட்டு மடித்து வந்த பழைய பத்திரிகை என்று எல்லாவற்றையும் தரையில் விரித்து மண்டியிட்டேன். கருவாட்டு நாற்றம் குடலைப் பிடுங்கியது. பாதிக்கு மேல் என் சட்டத்துக்குக் கட்டுப்பட்டது. சில பத்திகள் முரண்டு பிடித்தன. ஒன்று, ஊரார் இப்படிச் சொல்கிறார்கள் என்று தொடங்கி நாலு வரி ஓடியது. நடுவில் 'ஆனால்' என்கிற ஒரு 'பட்' வந்தது. அதற்கப்புறம் அப்படியே திரும்பிக்கொண்டது. இரண்டு மூன்று இடத்தில் பார்த்ததும் பிடிபட்டுவிட்டது. 'பட்'டுக்கு மேலே இருப்பது அடுத்தவன் கட்சி, கீழே இருப்பது எழுதியவன் கட்சி. 'ஃபார் எக்ஸாம்பிள்' என்று வந்தால் உதாரணம், வேகமாகத் தாண்டலாம். 'தேர்ஃபோர்' வந்தால் நின்று பார்க்க வேண்டும், ஏதோ முடிவு கட்டப் போகிறான். பள்ளிக்கூடத்தில் இந்தச் சொற்களுக்கெல்லாம் அர்த்தம் எழுதி மார்க்கு வாங்கியிருக்கிறேன். அவை வழிகாட்டிக் கற்கள் என்று எனக்குத் தெரியவே இல்லை.

இத்தனை ஆட்டம் ஆடியும், பெட்டியின் அடியில் இருந்த கடிதம் ஞாபகத்துக்கு வரவில்லை. அது மறுநாள் ஞாயிற்றுக்கிழமை காலையில், பல் தேய்த்துக்கொண்டிருக்கும்போது வந்தது. வேப்பங்குச்சியை எறிந்துவிட்டு ஓடினேன்.

நாலு பத்தி. அட்டையை வைத்தேன்.

முதல் பத்தியின் முதல் வரி. இன்ன தேதியிட்ட உங்கள் மனுவைப் பொறுத்து, நேர்முகத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களில் உங்கள் பெயரும் உள்ளது, நீங்கள் இந்த மாதம் இந்தத் தேதி திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு நேரில் வரவும். அந்தத் தேதியை நான் ஏற்கனவே பார்த்திருந்தேன். கடிதத்துத் தேதி என்று நினைத்திருந்தேன். இரண்டாவது பத்தி: சான்றிதழ்களைக் கொண்டுவரவும். மூன்றாவது: தங்கும் இடம் உங்கள் பொறுப்பு. நான்காவது பத்திதான் அந்த வருந்துகிறோம். பத்து மணிக்கு மேல் தாமதமாக வருகிறவர்களைப் பற்றியது அது. என் மனுவைப் பற்றியே அல்ல.

அக்கா வீட்டுச் சுவரில் தேதி கிழிக்கும் காலண்டர் இருந்தது. பார்த்தேன். திங்கட்கிழமை என்பது நாளை.

சிரிக்கவா அழவா என்று தெரியவில்லை. இரண்டையும் சேர்த்தே செய்தேன். மச்சான் விஷயம் புரிந்ததும், "பத்து மணிக்கு லோடு ஜீப்பு குரங்கணிலருந்து கெளம்பும். வெரசா எறங்கு, நான் பெட்டியத் தூக்கிக்கிட்டு வர்றேன்" என்றார். மூன்று மைலும் இறக்கம். மழையில் பாதை சேறாகக் குழைந்து கிடந்தது. நடந்தது பாதி, சறுக்கியது பாதி. இரண்டு தடவை உட்கார்ந்தேன். சேலை முழுக்கச் செம்மண், காலில் நாலு அட்டை. அதைப் பிடுங்க நிற்கவில்லை. குரங்கணியில் ஜீப்பு உறுமிக்கொண்டு நின்றது. ஏலக்காய்ச் சாக்குகளின் மேல் ஏறி உட்கார்ந்து, போடி வரும்வரை கடிதத்தின் முதல் வரியை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே வந்தேன். டிரைவர் இரண்டு தடவை திரும்பிப் பார்த்தார்.

வீட்டில் அப்பா நம்பவில்லை.

"கடேசில முடியாதுன்னு போட்ருக்குன்னு நீதானே வாசிச்ச?"

"தப்பா வாசிச்சேன்ப்பா. மொதல் வரியிலயே வரச்சொல்லிருக்கான்."

"மொதல் வரியிலேயே சோலியச் சொல்லிருவானா? ஒரு சுகம் விசாரிக்க மாட்டான்? அப்பிடியும் ஒரு மனுசன் கடுதாசி எழுதுவானா?"

"அவங்க அப்பிடித்தான் எழுதுறாங்கப்பா!"

ரயில் புறப்பட இரண்டு மணி நேரம் கூட இல்லை. நான் அழுது கத்தினால் அவர் பிடிவாதம் இறுகும் என்று எனக்குத் தெரியும். பல்லைக் கடித்து நின்றேன். அப்பா யோசித்தார். அவர் எதையும் சோதிக்காமல் வாங்காத ஆள். உள்ளே போய் ஓர் ஆங்கிலக் கடிதத்தை எடுத்து வந்தார். வடக்கேயிருந்து மண்டிக்கு வந்தது. மண்டி முதலாளி அதை அவருக்குத் தமிழில் விளக்கி, மேற்கொண்டு கவனிக்கச் சொல்லிக் கொடுத்திருந்தார். அப்பா அதை மடித்து, முதல் வரி மட்டும் தெரியும்படி என் முன்னால் பிடித்தார்.

"இதுல என்ன இருக்குன்னு எனக்குத் தெரியும். இப்ப நீ சொல்லு."

படித்தேன். ஒன்றிரண்டு சொல் புரியவில்லை. கவலைப்படாமல் தாண்டினேன். "இனிமே காயைச் சாக்குல அனுப்ப வேண்டாம், மரப்பெட்டில அனுப்பச் சொல்றான். கீழ ஏன்னு சொல்லியிருப்பான். சாக்கு நனைஞ்சோ கிழிஞ்சோ போயிருக்கும்."

அப்பா மடிப்பைப் பிரித்து, தனக்குப் புரியாத அந்தக் கடிதத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "நனைஞ்சுதான் போச்சு" என்றார். பிறகு உள்ளே பார்த்துச் சத்தம் போட்டார். "ஏய், கட்டுச்சோறு கட்டு. நானும் ஆத்தாளும் மதுரைக்குப் போறோம்."

எனக்குத் தலைகால் புரியவில்லை. அதற்குள் சிநேகிதியின் ஞாபகம் இடியாக விழுந்தது. அவளுக்கும் நாளைக்குத்தானே! சிலமலைக்குப் போய்வர நேரமில்லை. நோட்டில் ஒரு தாளைக் கிழித்து, நின்றபடியே எழுதினேன். எனக்குத்தான் புது வித்தை வந்துவிட்டதே! முதல் வரியிலேயே விஷயம்: நாளை காலை பத்து மணிக்கு மதுரை ஆஸ்பத்திரியில் இருக்க வேண்டும், நம்மைக் கூப்பிட்டிருக்கிறார்கள். அடுத்து ஏன் என்ற விளக்கம். முடிவில், மரியாதைக்கு, வீட்டில் எல்லோரையும் கேட்டதாகச் சொல்லவும் என்று ஒரு வரி. படித்துப் பார்த்தேன். அசல் ஆங்கிலக் கடிதம் போலவே இருந்தது. பெருமையாக மடித்து, சிலமலை வழியாகப் போகும் பஸ் கண்டக்டர் கையில் கொடுத்தேன். "அவுக அப்புகிட்டயே குடுத்துர்றேன் தங்கச்சி" என்றார், அவள் அப்பாவைச் சொல்லி.

மதுரையில் அப்பாவின் ஒன்றுவிட்ட தங்கை வீட்டில் தங்கினோம். திங்கட்கிழமை ஒன்பது மணிக்கே ஆஸ்பத்திரித் தாழ்வாரத்துப் பெஞ்சில் இருந்தேன். சிநேகிதிக்கு இடம் பிடித்துப் பக்கத்தில் கைக்குட்டையை விரித்து வைத்தேன். ஒன்பதரை ஆனது. பத்து ஆனது. நர்சுகளுக்கெல்லாம் தலைவியான மேட்ரன் கதவைத் திறந்து ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டார். அவள் பெயரை மூன்று தடவை கூப்பிட்டு, காகிதத்தில் பென்சிலால் ஒரு கோடு போட்டார்.

எனக்கு முறை வந்தது. உள்ளே ஓர் ஆங்கிலப் புத்தகத்தைத் திறந்து, ஒரு பக்கத்தைக் காட்டி, ஐந்து நிமிஷத்தில் படித்துச் சாராம்சத்தைச் சொல்லச் சொன்னார்கள். காயத்தைக் கழுவுவது பற்றிய பக்கம். மூன்று பத்தி. இரண்டாவதில் ஒரு 'பட்' ஒளிந்திருந்தது. அதைக் கண்டதும் சிரிப்பே வந்துவிட்டது. பழைய காலத்தில் இப்படிக் கழுவினார்கள், அது தவறு, இப்போது இப்படிக் கழுவ வேண்டும், காரணம் இது என்று தமிழும் இங்கிலீஷும் கலந்து சொன்னேன். மேட்ரன் புத்தகத்தைத் தன் பக்கம் திருப்பிப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"யாரு சொல்லிக் குடுத்தா?"

"பூச்சி மருந்து டப்பாம்மா" என்றேன். அவருக்கு அது புரியவில்லை. முழுக் கதையையும் கொட்டினேன், கடைசிப் பத்தியைப் படித்து அழுதது வரைக்கும். அவர் மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். சட்டென்று நிறுத்தி, பெயர்ப் பட்டியலை எடுத்தார்.

"அப்போ இந்தச் சிலமலைப் பொண்ணு?"

"அவளுக்குச் சீட்டு எழுதி அனுப்பினேம்மா. மொதல் வரியிலேயே தெளிவா..."

வாய் அங்கேயே நின்றுவிட்டது. மொதல் வரியிலேயே. சிலமலையில் அவள் அப்புவும் எங்கள் அப்பாவைப் போலத்தான். வந்த காகிதத்தின் கடைசி வரியைப் பார்த்திருப்பார். வீட்டில் எல்லோரையும் கேட்டதாகச் சொல்லவும். குசலம்தான் என்று மடித்துக் கம்பியில் குத்தியிருப்பார். அவள் அந்நேரம் வெங்காயக் காட்டில் இருந்திருப்பாள். என் புது வித்தையை, அது செல்லாத ஊருக்கு அனுப்பி வைத்திருக்கிறேன்! எனக்கு வந்த ஆத்திரத்தில் என் தலையில் நானே குட்டிக்கொண்டேன், மேட்ரன் முன்னாலேயே.

"புதன்கிழமை நாலு மணிக்குப் பட்டியலை மேல அனுப்பணும்" என்றார் அவர். "அதுக்குள்ள வந்தா பாக்குறேன். அதுக்கு மேல என் கையில இல்ல."

தபாலாபீசுக்கு ஓடி ஒரு கார்டு வாங்கினேன். பேனாவைப் பிடித்த கை பரபரத்தது. விஷயத்தை முதலில் எழுதிவிடு, எழுதிவிடு என்று மனசு துடித்தது. அடக்கிக்கொண்டேன். இவ்விடம் நானும் அப்பாவும் சுகம். அவ்விடம் தங்கள் யாவரின் சுகமும் அறிய ஆவல். அப்புவுக்கு முழங்கால் வலி எப்படி இருக்கிறது? ஆத்தா கண்ணுக்கு மருந்து போட்டுக்கொள்கிறார்களா? வெங்காயம் எத்தனை மூட்டை கண்டது? தம்பி பள்ளிக்கூடம் போகிறானா? இங்கே மதுரையில் நல்ல மழை. என் வாழ்க்கையில் அத்தனை பொறுமையாக நான் எதையும் எழுதியதில்லை. முக்கால் கார்டு நிறைந்தது. பிறகு கடைசி இரண்டு வரியில், பொடி எழுத்தில், ஓரத்தில் ஏறும்படி எழுதினேன்: புதன்கிழமை மாலை நாலு மணிக்குள் சான்றிதழோடு மதுரை ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவைக்கவும், இடம் கிடைக்கும், தவறினால் கிடைக்காது.

புதன்கிழமை காலையில் தாழ்வாரத்துப் பலகையில் தேர்வானவர்கள் பெயரை ஒட்டினார்கள். என் பெயர் இருந்தது. அப்பா அந்தத் தாளின் முன்னால் நின்று, தனக்குப் படிக்கத் தெரியாத எழுத்துகளில் என் பெயர் எது என்று கேட்டு, அதன்மேல் விரலை வைத்தார். எனக்கு ஆனந்தம் பொங்கியது. அடியில் ஓர் இடம் மட்டும் காலியாக விட்டிருந்தார்கள். அது சிலமலைக்காரிக்குத்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

இரண்டு மணி. மூன்று மணி. மூன்றரைக்கு அப்பா, "போவோமா ஆத்தா" என்றார். நான் நகரவில்லை. வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்றே முக்காலுக்குத் தகரப் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு, காலில் காட்டு மண்ணோடு, அவள் ஓடி வந்தாள். அவள் தோளைப் பிடித்து உலுக்கினேன்.

"சீட்டு வந்துச்சாடி, ஞாயித்துக்கெழமை?"

"என்ன சீட்டு? நீ எல்லாரையும் கேட்டன்னு அப்பு சொன்னாரு. அம்புட்டுத்தான்."

"கார்டு?"

"நேத்துச் சாயந்தரம் வந்துச்சு. அப்பு கடேசி வரியப் பாத்தாரு. விடிஞ்சதும் ஊருல ரெண்டு பேருகிட்டப் பஸ்ஸுக் காசு கேட்டு, சான்றிதழையும் தேடி எடுத்து, சைக்கிள்ல வச்சுக் கொண்டாந்து பஸ்ஸு ஏத்தி விட்டாரு." முந்தானையில் முடிந்திருந்த கார்டை எடுத்து என்னிடம் நீட்டினாள். "மேல என்னமோ ஒரு பக்கம் எழுதியிருக்கியே, என்னடி அது? இன்னும் யாரும் படிக்கல."

மேட்ரன் கதவைத் திறந்து அவள் பெயரைக் கூப்பிட்டார்.